பாதியா, காற்பங்கா?

உயர்தர இணைந்த கணித வகுப்பில் பேயிஸ் தேற்றத்தைப் படித்தபோது, பையிலிருந்து சிவப்புப் பந்தும் கறுப்புப் பந்தும் எடுக்கும் கணக்குகளுக்கே அது உதவும் என்று எண்ணியிருந்தேன். நெஞ்சுவலியோடு வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் வழியில் மூத்தாப்பா வபாத்தானதன் பின், மாரடைப்புச் சிகிச்சை பற்றித் தேடித் தேடி வாசித்தேன். அங்கே அந்தத் தேற்றத்தை மீண்டும் சந்தித்தேன்.

இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நோயாளியின் வீட்டிலேயே ஏற்றிவிட்டால் என்ன? ஸ்கொட்லாந்தின் கிராம்பியன் பிரதேசத்தில் குடும்ப வைத்தியர்கள் இதைச் சோதித்தார்கள். 1992இல் முடிவு வெளியானது. வீட்டில் ஊசி பெற்ற 163 பேரில் மூன்று மாதங்களுக்குள் 13 பேர் இறந்தனர். வைத்தியசாலையை அடைந்த பின் பெற்ற 148 பேரில் 23 பேர் இறந்தனர். மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது.

என் மனம் அந்தப் 'பாதி'யை இறுகப் பற்றிக்கொண்டது. ஆனால் ஸ்டுவர்ட் பொகொக், டேவிட் ஸ்பீகல்ஹால்டர் என்னும் இரு புள்ளிவிபரவியலாளர்கள் அதே ஆண்டில், இது நம்புதற்கரிய அளவு பெரிது என்றார்கள். மொத்த மரணங்களே 36தான். ஒரு பக்கம் ஐந்து கூடி, மறுபக்கம் ஐந்து குறைந்திருந்தால் இரண்டும் 18 ஆகியிருக்கும்!

அவர்கள் பேயிஸ் வழியில் சென்றார்கள். அதில் மூன்று படிகள் உண்டு. ஆய்வுக்கு முன்னரே அறிந்திருப்பது முதலாவது. அதற்குப் பெயர் முன் நிகழ்தகவு. புதிய ஆய்வு தரும் சான்று இரண்டாவது. இரண்டையும் அவற்றின் உறுதிக்கேற்ப நிறையிட்டுச் சேர்த்தால் கிடைக்கும் பின் நிகழ்தகவு மூன்றாவது. சிறிய ஆய்வுக்குச் சிறிய நிறை, பெரிய ஆய்வுக்குப் பெரிய நிறை.

முன்னைய பெரிய ஆய்வுகளைக் கொண்டு, சிகிச்சை முந்துவதால் மரணம் 15 முதல் 20 சதவீதம் வரை குறையலாம் என அவர்கள் மதிப்பிட்டார்கள். பயனே இல்லாதிருப்பதும், 40 சதவீதம் குறைவதும் அரிது என்று கொண்டார்கள். இதனோடு கிராம்பியன் முடிவைச் சேர்த்தபோது, பாதி சுருங்கிக் காற்பங்கானது.

2000ஆம் ஆண்டில் இத்தகைய ஆறு ஆய்வுகளின் 6,434 நோயாளர்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வைத்தியசாலை மரணத்துக்கான வாய்ப்புக் குறைந்தது 17 சதவீதம். அவர்களின் நிதானமே உண்மைக்கு அருகில் நின்றது.

"முன்கூட்டியே ஒன்றை நினைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பது நீதியா?" என்று தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். என்னைப் போல் ஆசையை முன் நிகழ்தகவாக வைத்தால் விடையும் ஆசையாகவே வரும். அதனால்தான் அது எந்தச் சான்றிலிருந்து வந்தது என்பதை எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்க வேண்டும். வேறொரு மதிப்பீட்டை வைத்தாலும் விடை நிலைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பாதி இல்லை என்றறிந்த அன்று சற்று வருந்தினேன். ஆனாலும் நூறு மரணங்களில் பதினேழளவு தவிர்க்கப்படுமாயின், அவை பதினேழு வீடுகள். எங்கள் வீட்டில் இப்போது யாருக்கு நெஞ்சு வலித்தாலும் விடியும்வரை பார்ப்போம் என்று ஒருவரும் சொல்வதில்லை. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.