கரண்ட் பில் கட்டுவது யார்?

ஸ்ரீரங்கத்தில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பும்போது முதலில் காணாமல் போவது முற்றம். திண்ணை, ரேழி, முற்றம், கொல்லை என்று தெருவாசல் தொட்டுக் காற்று ஓடிய மனையில், இன்று மேற்கு வெயிலை நேரே வாங்கும் படுக்கையறைகளும் ஒரு சாண் சன்ஷேடும்தான் மிச்சம். மொட்டைமாடிக்கு வெள்ளை கூலிங் டைல்ஸ், சுவருக்கு ஃபிளை ஆஷ் கல், கூரைக்கு சோலார் ஆகியவற்றைப் பற்றி பில்டருக்குத் தெரியாமலில்லை. அவற்றுக்குச் செலவழிக்க வேண்டியவர் அவர், பலன் வேறொருவருக்கு. சாவியைக் கொடுத்ததும் அவர் கணக்கு முடிந்துவிடுகிறது. கரண்ட் பில் குடிவருபவர் தலையில் விழுகிறது.

கட்டுபவரும் பில் கட்டுபவரும் ஒருவரே என்றால் கதை மாறும். 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட திருச்சி விமான நிலையப் புது முனையம், பசுமைக் கட்டடங்களுக்கான நான்கு நட்சத்திர ‘கிரிஹா’ தரத்தை இலக்காக வைத்தே திட்டமிடப்பட்டது. அதைக் கட்டிய விமான நிலைய ஆணையமேதான் அதை நடத்துகிறது. கட்டுபவர் வேறு, பலன் பெறுபவர் வேறு என்றால் சட்டம் வேண்டியிருக்கிறது. 2003இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கி, செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்று கெடு வைத்தது. மாநிலமே குழி தோண்டியது.

பல குழிகள் இன்று மண் மூடிக் கிடக்கின்றனவே என்பது நியாயமான கேள்வி. போட்டதைப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்காததே அதற்குக் காரணம். கட்டி முடித்ததைச் சரிபார்க்கும் வழி பணி நிறைவுச் சான்று. எட்டு வீடுகள், 750 சதுர மீட்டர் வரையிலான குடியிருப்புகளுக்கு அந்தச் சான்றிலிருந்து 2024இல் விலக்கு கிடைத்தது. சிறு வீட்டுக்காரரின் அலைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் ஒற்றை மனையில் எழும் சின்ன அடுக்குமாடிகள் பலவும் இந்த அளவுக்குள்தான் அடங்குகின்றன. இந்த விலக்கு தவறு என்றே நான் கருதுகிறேன்.

இவற்றையெல்லாம் சேர்த்து விலை ஏறினால் நடுத்தரக் குடும்பம் வாங்காது என்பார்கள். ஆனால் வாஸ்துவைப் பாருங்கள். எந்தச் சட்டமும் கேட்கவில்லை. வாங்குபவர் கேட்கிறார், அதற்காக பில்டர் வரைபடத்தையே திருப்பிப் போடுகிறார். தண்ணீர்த் தொட்டி கன்னி மூலைக்குப் போவதும் அப்படித்தான். தென்மேற்கில் உயர்ந்து நிற்கும் அந்தத் தொட்டியின் நிழல், வருடத்தின் பெரும்பகுதி பிற்பகலில் மாடியின் மேல் விழுகிறது. நிழல் விழும் இடத்தில் சோலார் பலன் தராது. மாடி சோலாருக்கு மத்திய அரசின் ‘பிரதமர் சூரிய வீடு’ திட்டம் தனி வீட்டுக்கு 78,000 ரூபாய் வரையும், அடுக்குமாடியின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம் தருகிறது. பணம் குடியிருப்பவர்களுக்கு, பில்டர் கொடுக்க வேண்டியது நிழல் விழாத மாடியும், மீட்டர் வரை இறங்கும் ஒரு ஒயர் பைப்பும்தான். அட்வான்ஸ் கொடுக்கும் முன், வாசல் எந்தத் திசை என்று கேட்கும் அதே மூச்சில், மாலை நான்கு மணிக்கு மாடியில் எங்கெல்லாம் நிழல் விழும் என்றும் கேட்கலாம்.