புது நீரும் பழகிய நீரும்

ஆதிச்சநல்லூர் என்றவுடன் முதுமக்கள் தாழிகளே பலருக்கும் நினைவுக்கு வரும். அவ்வூர்க்காரனாகிய எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆறுதான். தாமிரபரணியின் படித்துறையில் அமர்ந்து, கெண்டையும் கெளுத்தியும் புரள்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அத்தகைய எனக்கு, ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு மீன்களைப் பத்து நாள் உயிரோடு வைத்திருக்கத் தெரியவில்லை.

என் மகள் ஆறாம் வகுப்பில் படித்தபோது நிகழ்ந்தது அது. தூத்துக்குடியிலிருந்து இரண்டு தங்கமீன்களை நெகிழிப் பையில் வாங்கி வந்தோம். உருண்டை வடிவக் கண்ணாடிக் குடுவையை நன்றாகத் தேய்த்துக் கழுவி, தெளிந்த நீரை நிரப்பி அவற்றை விட்டோம். நான்காம் நாள் ஒன்று நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மறுநாள் காலையில் அது மிதந்தது. எட்டாம் நாள் மற்றதும் இறந்தது. அண்டை வீட்டார், “மீன் வளர்க்க ஒரு ராசி வேண்டும், சார்” என்று ஆறுதல் கூறினர். குழந்தை கேட்டதோ வேறு: “தண்ணீர் அவ்வளவு சுத்தமாக இருந்ததே, அப்பா; பிறகு ஏன் செத்தது?” அவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடையில்லை.

தங்கமீன் குறுகிய ஆயுள் உடையதன்று. இங்கிலாந்தில் 1956ஆம் ஆண்டு ஒரு திருவிழா விளையாட்டில் பரிசாகக் கிடைத்த ‘டிஷ்’ என்னும் தங்கமீன், 1999 வரை 43 ஆண்டுகள் வாழ்ந்தது. நல்ல தொட்டியில் பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழ்வது இதன் இயல்பு. அவ்வாறாயின், புதுத் தொட்டியில் நான்கு நாளில் இறப்பதற்கு ஒரு காரணம் இருந்தே தீர வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

தங்கமீன் நம் கெண்டையின் உறவினம். சீன நாட்டில் சாங் மரபினர் ஆட்சிக்காலத்தில் குளங்களில் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டுப் பொன்னிறம் பெற்றது. இதற்கு இரைப்பை கிடையாது. உண்டது நேரே குடலுக்குச் செல்லும். ஆகவே ஓயாமல் இரை தேடும், ஓயாமல் கழிக்கும். நம் உடலில் புரதச் சிதைவின் கழிவு யூரியாவாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. மீனிலோ அக்கழிவின் பெரும்பகுதி அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே நேராக நீரில் கலக்கிறது. தின்னாமல் எஞ்சிய இரை அழுகும்போதும் அம்மோனியாவே உண்டாகிறது. சிறிய அளவில் அது கலந்த நீரைப் பார்த்தாலும் முகர்ந்தாலும் வேறுபாடு தெரியாது. என் மகள் கண்ட ‘சுத்தமான’ நீர் அத்தகையதுதான்.

அம்மோனியாவின் கொடுமை நீரின் தன்மையைப் பொறுத்துக் கூடும். வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸாகவும் பிஎச் மதிப்பு 7 ஆகவும் உள்ள நீரில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே செவுளை ஊடுருவும் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அப்பங்கு ஐந்துக்கு மேல் உயர்ந்துவிடும். நீர் சூடேறினால் இன்னும் கூடும். உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த கிணற்று நீரைப் பயன்படுத்தும் கடலோர ஊரினர் பிஎச் மதிப்பை ஒருமுறையேனும் அளந்து பார்ப்பது நல்லது.

ஆற்றில் மட்டும் இது ஏன் நிகழ்வதில்லை? ஓடும் நீர் கழிவை அடித்துச் செல்கிறது என்பது பாதி விடையே. படித்துறைக் கல்லில் காலை வைத்தால் வழுக்கும் அல்லவா? அவ்வழுக்கலில் பாசி மட்டும் இல்லை. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் குடியிருக்கின்றன. அவற்றுள் ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் கொடிதே. அது குருதியின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏந்த இயலாத மெத்ஹீமோகுளோபினாக்கிவிடும்; குருதி பழுப்பு நிறமாகும்; நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். நைட்ரேட்டோ மிகுதியாகச் சேர்ந்தாலன்றித் தீங்கு செய்யாது. நாங்கள் தேய்த்துக் கழுவிய குடுவையில் நீர் இருந்தது. அந்த நீரைப் பழக்கும் உயிர்கள் இல்லை.

தந்தையும் மகனும்

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாற்றில் தங்கமீனுக்கும் ஓர் இடமுண்டு. இலண்டனில் வேதியியலாளராக இருந்த இராபர்ட் வாரிங்டன், 1849இல் பன்னிரண்டு காலன் கொள்ளளவுள்ள தொட்டி ஒன்றில் இரண்டு சிறிய தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் வளர்த்தார். அழுகிய இலைகளால் நீர் கெட்டபோது நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. விலங்கும் தாவரமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சமநிலை கிட்டியது என 1850இல் அறிவித்தார். அவருடைய கணக்கில் மீனும் செடியும் நத்தையும் இருந்தன, பாக்டீரியா இல்லை.

அம்மோனியாவை நைட்ரேட்டாக்குவது உயிருள்ள பொருளே என்பதைப் பிரான்சு நாட்டு ஷ்லோசிங்கும் மியூன்ட்சும் 1877இல் காட்டினர். மணல் நிரப்பிய குழாயின் வழியே கழிவுநீரைச் செலுத்தினர். சில வாரங்களில் நைட்ரேட் தோன்றியது. குளோரோஃபார்மைச் செலுத்தியதும் நின்றுபோனது. அதன்பின், இம்மாற்றம் இரு படிகளில், இருவேறு உயிரிகளால் நடைபெறுகிறது என்று கண்டவர்களுள் ஒருவர், ராத்தம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய இராபர்ட் வாரிங்டன். பெயர் ஒன்றே, ஆனால் இவர் தங்கமீன் வளர்த்தவரின் மகன்! தந்தையின் தொட்டியில் மறைந்திருந்ததை மகன் வயல் மண்ணில் தேடிக் கண்டார். அவ்வுயிரிகளைத் தனியே பிரித்து வளர்க்கும் பேறு 1890ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கிக்கு வாய்த்தது. இரண்டாம் படியைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். மண்ணைப் பொறுத்தவரை அது பொருந்தும். நன்னீர் மீன்தொட்டிகளில் அப்பணியைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என 1998இல் வெளியான ஆய்வு காட்டியது.

உறை ஊற்றுதல்

பாலைத் தயிராக்க நம் வீடுகளில் உறைமோர் ஊற்றுவர். மீன்தொட்டிக்கும் அதே முறைதான். நெடுநாள் நலமாக இயங்கும் ஒரு தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் சிறு துண்டை வாங்கிவந்து புதுத்தொட்டியின் வடிகட்டியில் வைத்தால், அப்பாக்டீரியாக்கள் அங்குக் குடியேறும். ஆனால், தயிர் ஓரிரவில் உறையும். இது உறைய வாரங்கள் ஆகும். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகும். நைட்ரஜனாக்கம் செய்யும் பாக்டீரியாவுக்கோ பல மணி நேரம், சிலபோது ஒரு நாளுக்கு மேலும் வேண்டும். உறை கிடைக்காவிடில் நான்கு முதல் ஆறு வாரங்கள் பொறுக்க வேண்டும். அதுவரை மீன் இல்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவைத் தூவி வந்தால், அது அழுகித் தரும் அம்மோனியாவே பாக்டீரியாக்களுக்கு உணவாகும். வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் சோதனைக் கருவியால் அளந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாகி, நைட்ரேட் தோன்றிய பின்னரே மீனை விடவேண்டும்.

மீனை முன்னரே விட்டுவிட்டவர்களுக்கும் வழியுண்டு. இரையைப் பாதிக்கு மேல் குறைத்து, நாள்தோறும் கால்பங்கு நீரை மாற்றலாம். குழாய்நீராயின் அதிலுள்ள குளோரின் நீங்க, அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். நைட்ரைட் ஏறிய நாள்களில் தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பும் துணைசெய்யும்! லிட்டருக்கு ஒரு கிராம் உப்பைக் கரைத்தால், அதிலுள்ள குளோரைடு அயனிகள் செவுளின் வாயிலில் நைட்ரைட்டோடு போட்டியிட்டு அது உட்புகுவதைக் குறைக்கின்றன. குளோரின் வேறு, குளோரைடு வேறு என்பதை இங்கு மறக்கலாகாது.

உருண்டைக் குடுவையைத் தவிர்ப்பதே நன்று. அதன் வாய் குறுகியது. காற்றைத் தொடும் பரப்பு சிறிது. ஒரு மீனுக்கு 40 லிட்டராவது கொள்ளும் அகன்ற தொட்டி தேவை. தங்கமீன் குளிர்நீரை விரும்புவது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். நம் சித்திரை வெயிலில் இது சிறு இழப்பன்று. எனவே தொட்டி வெயில் படாத மூலையில் இருக்கட்டும். காற்றுக்குமிழிக் கருவி ஓயாது இயங்கட்டும். மின்சாரம் தடைப்பட்டால் குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இத்தனையும் கற்றபின்னும் நான் ஒருமுறை தோற்றேன். பெரிய தொட்டி வாங்கி, மீன்கள் இரண்டு மாதம் நலமாக இருந்தன. வடிகட்டிப் பஞ்சு கறுத்து, கொழகொழவென்று இருந்தது கண்டு அருவருத்து, அதைக் குழாயடியில் வெண்மையாகும்வரை பிழிந்து கழுவினேன். அவ்வாரத்திலேயே மூன்று மீன்களில் இரண்டு இறந்தன. குழாய்நீரில் குளோரின் சேர்ப்பதே பாக்டீரியாக்களைக் கொல்வதற்குத்தான்; அது தன் கடமையைச் செய்தது. நான் அழுக்கென்று எண்ணியதே தொட்டியின் உயிர்நாடி. இப்போது, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பஞ்சை இரண்டு முறை மெல்ல அலசிவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறேன்.

எஞ்சிய அந்த ஒற்றை மீனைத் தனித்தொட்டியில் வைத்து, பெருந்தொட்டியை மீண்டும் பழக்கினோம். நண்பர் ஒருவர் தூத்துக்குடியிலிருந்து ஈரத்துணியில் சுற்றிய பஞ்சுத்துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம், “மீனே இல்லாத மீன்தொட்டியா?” என்று நகைத்தனர். மகள் நாள்தோறும் மாலையில் சோதனைக் குழாயின் நிறத்தைப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தாள். இருபத்து மூன்றாம் நாள் ‘அம்மோனியா 0, நைட்ரைட் 0’ என்று எழுதி அடிக்கோடிட்டாள். பழைய மீனுக்கு ஒரு துணையும் வாங்கி வந்தோம். பையை அரைமணி நேரம் தொட்டிநீரில் மிதக்கவிட்டு, வெப்பம் ஒன்றானபின் திறந்தோம். அவள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டிலும் அவ்விரு மீன்களும் இருந்தன. உள்ளங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தன.

தொட்டியில் சேரும் நைட்ரேட்டை வெளியேற்ற வாரந்தோறும் கால்பங்கு நீரை எடுத்துவிடுகிறோம். வயலுக்கு இடும் உரத்திலுள்ள அதே நைட்ரேட்தான் அது. வாசலில் நிற்கும் செம்பருத்திக்கு அந்நீரை ஊற்றுவது இப்போது என் பொறுப்பு.