கால் ஜெயிக்குமா, கை ஜெயிக்குமா?

வடக்கே மலபார். தெற்கே திருவிதாங்கூர். நடுவில், கொச்சி ராஜகுடும்பம் குடியிருந்த திருப்பூணித்துறை. இங்கிருந்து வடக்கே போனால் களரிப்பயிற்று என்பது பாய்ச்சல், பதுங்கல், உடம்பை வில்லாக வளைத்தல். குருக்கள் முதலில் மெய்யைப் பழக்குவார், ஆயுதம் பிறகுதான். தெற்கே போனால் ஆசான் வெறுங்கைச் சண்டைக்குத்தான் முக்கியத்துவம் தருவார். கிட்டே நின்று, குறி பார்த்து, ஓங்கி அடிக்கும் ரகம். கன்னியாகுமரித் தமிழர்களின் அடிமுறையும் வர்மமும் இதற்கு நெருங்கிய சொந்தம். வடக்கனா, தெக்கனா, எது உசத்தி? கேரளத்தில் இது பழைய சர்ச்சை.

பாக்ஸிங் மேடையிலும் இதே சர்ச்சை உண்டு. நுணுக்கமா, பலமா? தமிழர்களுக்கு இதை மறுபடி ஞாபகப்படுத்தியது 2021ல் வெளியான பா.ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’. எழுபதுகளின் வடசென்னையில் நடக்கும் கதை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்ற இரண்டு பரம்பரைகளும் கற்பனை அல்ல. வடசென்னையின் உழைப்பாளிகள் மத்தியில் நிஜமாகவே கொடிகட்டிப் பறந்தவை. படத்தில் வேம்புலி முரட்டு பலம். டான்ஸிங் ரோஸோ கையைத் தொங்கப் போட்டபடி ஆடிக்கொண்டே அடிப்பவர். கதாநாயகனை விட ரோஸைப் பற்றித்தான் ரசிகர்கள் அதிகம் பேசினார்கள்.

வித்தியாசம் சுலபமாகப் புரியும். நுணுக்கக்காரர் தூரத்தைக் காப்பவர். முன்கையால் ‘ஜாப்’ விட்டுக்கொண்டே சுற்றி வருவார். அடித்த மறுகணம் அந்த இடத்தில் இருக்கமாட்டார். பலசாலி தூரத்தைக் குறைப்பவர். எதிராளியைக் கயிற்றோரம் ஒதுக்கி, விலாவில் குத்தி, அவர் கை கீழே இறங்கக் காத்திருப்பார். பத்துக் குத்து வாங்கினாலும் பரவாயில்லை, ஒன்று தாடையில் சரியாக விழுந்தால் போதும்.

ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு அவ்வளவு தெளிவானதல்ல. பலமான குத்து புஜத்தில் பிறப்பதில்லை. பின்னங்காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, தோள் வழியாக முஷ்டிக்கு வருகிறது. கால் சரியாக நிற்காவிட்டால், எவ்வளவு தசை இருந்தாலும் குத்தில் கனம் இருக்காது. எடையும் ஒரு விஷயம். எடைப் பிரிவு ஏற ஏற நாக் அவுட்டும் அதிகம். சின்ன உடம்புக்காரர்கள் வேகத்தையும் புள்ளிகளையும் நம்பித்தான் பிழைக்க வேண்டும்.

உலகம் மறக்காத உதாரணம் 1974 அக்டோபர் 30, ஜைர் நாட்டுக் கின்ஷாசா. ஜார்ஜ் ஃபோர்மேனுக்கு வயது 25. அதுவரை ஆடிய 40 போட்டியிலும் வெற்றி, அதில் 37 நாக் அவுட். முகமது அலிக்கு 32. அலி நடனமாடித் தப்புவார் என்று எல்லோரும் எதிர்பார்க்க, அவர் கயிற்றில் சாய்ந்து நின்று ஃபோர்மேனை அடிக்கவிட்டார். பலத்தை அதன் போக்கில் செலவழிக்க வைத்தார். எட்டாவது சுற்றில் ஃபோர்மேன் தரையில். அன்று ஜெயித்தது மூளை. ஆனால் அதற்குச் சம்மதித்து அடி வாங்கியது உடம்பு.

அந்தத் தந்திரத்துக்கு நேரமும் வேண்டும். அன்றைய தொழில்முறைப் பட்டப் போட்டி 15 சுற்று. ஒலிம்பிக்கில் இன்று மூன்றே சுற்று. எதிராளியைக் களைக்க வைத்து வீழ்த்த அவகாசம் இல்லை. ஆகவே எந்தப் பாணி ஜெயிக்கும் என்பதை வீரனைப் போலவே விதிப்புத்தகமும் தீர்மானிக்கிறது.

1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் எதிராளியைப் போலப் பல மடங்கு குத்துகளை இறக்கியும், 3-2 என்று தங்கம் தென்கொரியாவின் பார்க் சி-ஹுனுக்குப் போனது. உலகமே கைகொட்டிச் சிரித்தது. 1992 பார்சிலோனாவில் கம்ப்யூட்டர் வந்தது. ஐந்து நடுவர்களில் மூவர் ஒரே விநாடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் ஒரு புள்ளி. இடி மாதிரி விழுந்த குத்துக்கும் ஒன்று, தொட்டுவிட்டு ஓடிய குத்துக்கும் ஒன்று. நுணுக்கக்காரர்களுக்குக் கொண்டாட்டம். 2013ல் அது ஒழிந்து, சுற்றுக்குப் பத்துப் புள்ளி என்ற தொழில்முறைக் கணக்கு வந்தது. ஆண்களின் தலைக்கவசமும் போனது. நெருங்கி நின்று அடிப்பவருக்கும் மரியாதை கூடியது.

இந்தியர்கள் இரண்டு காலத்தையும் பார்த்துவிட்டார்கள். விஜேந்தர் சிங்கின் 2008 பெய்ஜிங் வெண்கலமும், மேரி கோமின் 2012 லண்டன் வெண்கலமும் பொத்தான் காலத்தில் வந்தவை. 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மேரி கோம் கொலம்பியாவின் இங்க்ரிட் வலென்சியாவுடன் மோதினார். மூன்று சுற்றுகளில் இரண்டில் பெரும்பாலான நடுவர்கள் மேரிக்கே சாதகம். முதல் சுற்றை மட்டும் 4-1 என்று பெரிதாக இழந்திருந்தார். முடிவில் 3-2 என்று வலென்சியாவுக்கு வெற்றி. இரண்டு சுற்று ஜெயித்தவர் எப்படித் தோற்றார் என்று ரசிகர்கள் திகைத்தார்கள். ஒவ்வொரு நடுவரும் தனித்தனியே கூட்டிய கணக்கு அது.

இதெல்லாம் பதக்கக் கணக்கு. இன்னொரு கணக்கும் உண்டு. தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்கும் பாக்ஸர்களின் மூளை பாதிக்கப்படுவதை அமெரிக்க டாக்டர் ஹாரிசன் மார்ட்லேண்ட் 1928லேயே எழுதினார். 1980ல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடிய அலியைத் தமிழ் ரசிகர்கள் நேரில் பார்த்தார்கள். நான்கே வருடத்தில், 1984ல், அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரிந்தது. வாங்கிய அடிகள்தான் காரணமா என்பதில் டாக்டர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் 2016ல் இறக்கும்வரை, அந்தச் சரளமான வாய் மெல்ல மெல்ல அடங்கியதை உலகம் பார்த்தது.

ஆகவே பையனையோ பெண்ணையோ பாக்ஸிங் கிளப்பில் சேர்க்கும் பெற்றோர், எவ்வளவு பலமாக அடிக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை அடியைத் தவிர்த்தாய் என்று கேட்பது நல்லது. வாத்தியார் கற்றுத்தர வேண்டிய முதல் பாடமும் அதுதான்.