மட்பானையைக் கொண்டு கொசு பிடித்தல்

மலேரியா என்னும் குளிர் ஜுரம் குடியானவனது தேகபலத்தை மாத்திரமன்றி அவன் வருவாயையும் குறைக்கிறது. விதைப்புக் காலத்தில் வீட்டார் படுத்துவிட்டால் கடனுக்கு வாங்கிய விதையும் உரமும் வீணாகும். சங்கத்துத் தவணையும் நிலுவையில் நிற்கும். ஆதலால் கொசு ஒழிப்பு நம் சங்கங்களுக்குப் புறம்பான காரியமன்று.

இந்நோய் தமிழ்நாட்டில் முன்னைவிடப் பெரிதும் குறைந்துள்ளது. ஆயினும் நோயுள்ள ஊர்களுக்குச் சென்று திரும்புவோர் மூலமாகக் கிருமி உள்ளே வருதல் கூடும். அதைப் பரப்பும் கொசுவும் இங்கிருந்தால் ஜுரம் மீண்டும் தலைகாட்டும். அனாபிலிஸ் என்னும் கொசுவின் வயிற்றில் இக்கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் 1897ஆம் வருஷம் ஆகஸ்டு 20ந் தேதி செகந்திராபாத்தில் கண்டறிந்தார்.

பெண் கொசு இரவில் இரத்தம் குடித்தபின், பகலில் இருளும் குளிர்ச்சியுமுள்ள இடத்தில் ஒதுங்குகிறது. இக்குணத்தைக் கொண்டே அதைப் பிடிக்கலாம். கென்யா தேசத்தில் ஆராய்ச்சியாளர் மட்பானைகளை வைத்து இக்கொசுக்களைப் பிடித்த விவரம் 2007இல் வெளியாயிற்று. மானாமதுரை மட்பாண்டங்களுக்குப் பெயர்பெற்ற நம் ஜில்லாவில் பானைக்குப் பஞ்சமில்லை.

செய்முறை வருமாறு:

1. வயிறு பருத்த பழைய பானை ஒன்றின் அடியில் 2 சென்டிமீட்டர் அகலத்தில் துவாரம் இடுக. துவாரமில்லாத பானையில் மழைநீர் தங்கினால் அதுவே கொசு வளரும் இடமாகிவிடும்.

2. சூரியன் மறையுமுன், மாட்டுத் தொழுவத்தருகிலோ வீட்டின் வெளிச்சுவரோரத்திலோ நிழலில் பானையைச் சாய்த்துப் படுக்க வைக்க.

3. காலையில் வெயில் ஏறுமுன் ஓசையின்றிச் சென்று, வாயை மெல்லிய துணியால் விரைவாக மூடிக் கட்டி, துவாரத்தையும் கந்தையால் அடைத்திடுக.

4. பகல் முழுதும் கடும் வெயிலில் வைத்து, மாலையில் இறந்த கொசுக்களை எண்ணி ஒரு நோட்டில் குறித்திடுக.

ஒரு பானை ஊர்க் கொசுவை ஒழித்துவிடாது. தெருவுக்குச் சில பானைகள் வைத்துக் கணக்கெழுதினால், எத்தெருவில் கொசு மிகுதி என்பது புலப்படும். அத்தெருவிற் கிணறுகளையும் தொட்டிகளையும் முதலிற் சோதிக்கலாம். கொசுவின் குஞ்சு நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்திருந்தால் அது அனாபிலிஸ். தலைகீழாகத் தொங்கினால் வேறு இனம். கிணற்றில் கம்பூசியா அல்லது கப்பி மீன்களை விடுக. தொட்டிகளை இறுக மூடி, மூடவியலாதவற்றை வாரம் ஒருமுறை காலிசெய்து தேய்த்துக் காயவிடுக. முட்டை கொசுவாக ஏறக்குறைய பத்து நாட்கள் ஆகும்.

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் பல. அவற்றின் முற்றத்துக் கிணறும் மாடித் தொட்டியும் கவனிப்பாரற்றிருந்தால், அண்டை வீட்டார் உழைப்பனைத்தும் வீணாகும். ஆகையால் சங்கத்தார் வீட்டுக்காரருக்கு எழுதி அனுமதி பெற்று, காவற்காரருடன் சென்று பார்த்தல் நலம்.

பானை வைத்தோரும் இரவில் கொசுவலையைக் கைவிடலாகாது. குளிருடன் ஜுரம் கண்டால் தாமதியாமல் அரசினர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் தெருவுக்கொரு அங்கத்தினரை இவ்வேலைக்கு நியமித்துத் தீர்மானம் நிறைவேற்றுவீர்களாக.