உங்களுக்குத் தெரியுமா? நரம்பே இல்லாத ஈஸ்ட் துலக்கிய நரம்பு நோய்

ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டுக்கு மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. ஆனாலும் குழந்தைகளின் நடையைப் பறிக்கும் ஒரு பரம்பரை நரம்பு நோயில் என்ன பழுதாகிறது என்பதற்கு முதல் தெளிவான தடயத்தைக் கொடுத்தது அதுதான்!

• நோயின் பெயர் ஃபிரீட்ரிக் அட்டாக்சியா. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் தலைகாட்டும். முதலில் நடை தள்ளாடும், பிறகு பேச்சு குழறும், இதயமும் பாதிக்கப்படும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும்.

• அந்த மரபணு 1996-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது உருவாக்கும் புரதத்துக்கு ஃப்ராடாக்ஸின் என்று பெயரிட்டார்கள். அதன் வேலை என்னவென்றுதான் புரியவில்லை.

• அதே சாயலில் ஒரு மரபணு ஈஸ்ட்டிலும் இருந்தது. அதை நீக்கிப் பார்த்தபோது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இரும்பு குவிந்தது; செல்லின் சுவாசமும் கெட்டது. 1997-இல் வெளியான முடிவு இது. நோயாளிகளின் இதயத் தசையில் முன்பே காணப்பட்ட இரும்புப் படிவுகளுக்கு அப்போதுதான் பொருள் விளங்கியது.

• இதைவிட வியப்பு: மரபணு நீக்கப்பட்ட ஈஸ்ட்டுக்குள் மனித ஃப்ராடாக்ஸின் மரபணுவை வைத்தால், அது ஈஸ்ட்டின் குறையைச் சரிசெய்கிறது.

• ஃப்ராடாக்ஸின் அறவே இல்லாத எலி கருவிலேயே இறந்துவிடும். ஈஸ்ட் பிழைக்கும். ஆக்சிஜன் துணையின்றி, சர்க்கரையை நொதிக்கவைத்தே அதனால் வாழ முடியும்.