தோட்டா மெஷின் வாங்கினா காசு மிச்சமாகுமா? கணக்கு போட்டுப் பார்க்கலாம்

அமெரிக்காவுல, டெக்சாஸ்ல வேலை பார்க்கிற நம்ம சேனல் பார்வையாளர் ஒருத்தர் கேட்ட கேள்வி இது: "சார், நான் கிரீன் கார்டு ஹோல்டர். வாராவாரம் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போறேன். தோட்டா செலவு கையைக் கடிக்குது. ப்ரோக்ரஸிவ் பிரஸ் வாங்கி நானே ரீலோட் பண்ணினா மிச்சமாகுமா?"

முதல்ல அடிப்படை. சுட்ட பிறகு மிஞ்சுற பித்தளைக் கூட்டைத் திரும்பப் பயன்படுத்தலாம். அதில் புது பிரைமர், பவுடர், குண்டு மூணையும் சேர்த்தா தோட்டா ரெடி. சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ல கைப்பிடியை ஒரு தடவை இழுத்தா ஒரு வேலைதான் நடக்கும். ப்ரோக்ரஸிவ்ல பல கூடுகள் வட்டத் தட்டில் சுற்றி வரும்; ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா வெளியே வரும். மணிக்கு 50 செய்றவர் 400 வரை செய்யலாம்.

இப்ப கணக்கு

கீழே இருக்கிற விலை எல்லாம் உதாரணம்தான். உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க.

9 எம்எம் பிஸ்டல்: கடைத் தோட்டா 25 சென்ட், நாமே செஞ்சா 20 சென்ட். மிச்சம் 5 சென்ட். மெஷின், டை, தராசு எல்லாம் சேர்த்து 1,000 டாலர்னா, போட்ட பணம் திரும்பி வர 20,000 தோட்டா சுடணும். மாசம் 200 சுடுறவருக்கு 8 வருஷம் 4 மாசம்!

.308 ரைஃபிள், மேட்ச் தரம்: கடையில 1.50 டாலர், நாமே செஞ்சா 80 சென்ட். மிச்சம் 70 சென்ட். மாசம் 50 சுட்டா, 1,000 டாலர் திரும்ப சுமார் 29 மாசம். ஆனா 300 டாலர் சிங்கிள் ஸ்டேஜ் செட்னா 9 மாசம்தான்.

கவனிச்சீங்களா? ஒரு தோட்டாவுக்கு ஆகிற மிச்சம் ரெண்டு மெஷின்லயும் ஒண்ணுதான். ப்ரோக்ரஸிவ்ல கூடுதலா கொடுக்கிற 700 டாலர், நேரத்துக்கான விலை. மாசம் 200 பிஸ்டல் தோட்டாவுக்கு 4 மணி நேரம் அரை மணியா குறையும். ரைஃபிள் கூட்டுக்கு எண்ணெய் தடவணும், நீளம் பார்த்து வெட்டணும். அதனால அங்கே வேக லாபம் குறைவு.

எந்த மெஷின்?

டில்லான் ஆர்எல் 550-ல 4 நிலையம், தட்டை நாமே கையால சுத்தணும். டில்லான் எக்ஸ்எல் 750, ஹார்னடி லாக்-என்-லோட் ஏபி ரெண்டுலயும் 5 நிலையம், தட்டு தானா சுத்தும். பிஸ்டலும் ரைஃபிளும் வேணும்னா டில்லான் ஸ்கொயர் டீல் பி வேண்டாம். அது பிஸ்டலுக்கு மட்டும்தான். ஒவ்வொரு அளவு தோட்டாவுக்கும் மாத்துற செட்டுக்குத் தனிச் செலவு உண்டு. பட்ஜெட்ல அதையும் சேருங்க.

5 நிலையம் இருந்தா பவுடர் அளவைச் சரிபார்க்கிற டை ஒண்ணு பொருத்தலாம். என்னைக் கேட்டா இதுல கஞ்சத்தனம் கூடாது. பவுடர் ரெண்டு தடவை விழுந்தா துப்பாக்கியே வெடிக்கலாம். விழாமலே போனா குண்டு குழலுக்குள்ள சிக்கிக்கும், அடுத்த குண்டு ஆபத்து. அதனால புதுசா கத்துக்கிறவர் சிங்கிள் ஸ்டேஜ்ல ஆரம்பிக்கிறது நல்லது.

சட்டம், ரொம்ப முக்கியம்

எச்-1பி மாதிரி தற்காலிக விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்க அமெரிக்க ஃபெடரல் சட்டத்துல பொதுவா தடை உண்டு. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் இருக்கு. வக்கீலைக் கேட்காம இறங்காதீங்க. விசாவே போயிடலாம். கிரீன் கார்டு இருந்தாலும் மாநிலச் சட்டத்தையும் பாருங்க.

"செஞ்சு வித்து சைடு இன்கம் பார்க்கலாமே?" வேண்டாம். விற்பனைக்குத் தயாரிக்க ஃபெடரல் லைசென்ஸ் வேணும். தோட்டாவுக்கு 11% எக்சைஸ் வரியும் இருக்கு. இந்தியாவுல லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறதே 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

என் முடிவு

மெஷின் வாங்கும் முன்னாடி 3 மாசம், எத்தனை தோட்டா சுடுறீங்கன்னு எழுதி வையுங்க. மாசம் 200-க்குள்ளன்னா சிங்கிள் ஸ்டேஜ் போதும். 1,000 தாண்டினா ப்ரோக்ரஸிவ் நியாயம். இஎம்ஐ மட்டும் போடாதீங்க. பொழுதுபோக்குக்குக் கடன் வாங்கினா, வட்டி மிச்சத்தைச் சாப்பிட்டுடும்.