புகைக்கும் ஒரு படிக்கல் வேண்டும்

நெல்லை அளக்க மரக்கால் உண்டு. கரும்பை நிறுக்கத் தராசு உண்டு. நிலத்தை அளக்கச் சங்கிலி உண்டு. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் சவுக்கு விறகையும் வறட்டியையும் ஊதி எரிக்கும் ஸ்திரீகளின் மார்புக்குள் நாள்தோறும் எவ்வளவு கரி புகுகிறது என்பதை அளக்கவும் ஒரு வழி உண்டென்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அளக்கப்படாத துன்பம் சர்க்கார் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத துன்பத்துக்குப் பரிகாரமும் பிறவாது. ஆகையால் இவ்விஷயத்தை நேயர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

விறகு காற்றுப் போதாமல் அரைகுறையாக எரியும்போது எழுவதே புகைக்கரி. அடுப்பங்கரைக் கூரையில் ஒட்டடையாய்த் தொங்குவதும் அதுவே. டீசல் லாரியின் குழாயிலிருந்து கக்கப்படுவதும் அதுவே. வெளிச்சத்தை விழுங்குவது அதன் சுபாவம். வானில் மிதக்கும்போது சூரிய ஒளியை விழுங்கிக் காற்றைச் சூடேற்றுகிறது. அண்ணாமலை சர்வகலாசாலையில் பயின்ற விஞ்ஞானி வீ. ராமநாதன் முதலியோர் 1999-ல் இந்து மகா சமுத்திரத்தின்மீது நடத்திய ஆராய்ச்சி, நம் தேசத்தின் புகை கடல் கடந்தும் படர்வதை உலகுக்குக் காட்டிற்று.

புகையை அளக்கும் முயற்சி புதிதன்று. 1888-ல் பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் ரிங்கல்மான், வெண்மையிலிருந்து கருமை வரை படிப்படியாகக் கோடிட்ட அட்டைகளைச் செய்தார். ஆலைப் புகையை அவற்றோடு ஒப்பிட்டுக் கண்ணாலேயே தரம் பிரித்தார்கள். கண்ணின் மதிப்பு ஆளுக்கு ஆள் மாறும். 1980-களில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த ஹேன்ஸனும் அவர் சகாக்களும் உருவாக்கிய ‘ஏதலோமீட்டர்’ என்னும் யந்திரம் அக்குறையை நீக்கிற்று.

அதன் தத்துவம் எளிது. வெள்ளை வடிதாளின் வழியே காற்றை இழுத்தால் கரி படிந்து ஒரு புள்ளி கறுக்கும். கறுத்த புள்ளியின் வழியாகவும், பக்கத்திலுள்ள சுத்தமான தாளின் வழியாகவும் 880 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைச் செலுத்தி, எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள். இழுத்த காற்றின் அளவைக்கொண்டு கணக்கிட்டால், ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் கரி என்பது தெரிகிறது. 370 நானோமீட்டர் ஒளியை விறகுப் புகை அதிகமாக விழுங்குவதால், இரண்டையும் ஒப்பிட்டு, அடுப்பின் பங்கு எது, லாரியின் பங்கு எது என்றும் ஒருவாறு பிரிக்கலாம். புள்ளி மிகவும் கறுத்துவிட்டால் யந்திரம் குறைத்துக் காட்டும்; அதற்காகவே தாள் தானாக நகர்ந்துகொள்கிறது.

வில்லியனூரை அடுத்த விழுப்புரம் ஜில்லாவிலேயே இத்தகைய பரீட்சை நடந்திருக்கிறது. 2018-ல் தொடங்கிக் குவாதமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு தேசங்களில் சுமார் 3200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. இந்தியப் பகுதியைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கழகத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் முதலியோர் விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும் நடத்தினார்கள். ஒரு பாதியாருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசம். மறு பாதியார் வழக்கமான விறகடுப்பிலேயே சமைத்தார்கள். வடிதாளில் படிந்த கறுப்பை ஒளியால் அளந்தபோது, விறகடுப்பாருக்கு ஏறக்குறைய 10 மைக்ரோகிராமாக இருந்த கரி, எரிவாயு அடுப்பாருக்கு 3-க்கும் குறைவாக இருந்தது. நுண்துகளும் சுமார் 70-லிருந்து 24-ஆயிற்று.

ஆனால் 2022-ல் வெளியான முடிவின்படி, பிறந்த சிசுக்களின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அப்படியானால் அடுப்பை மாற்றுவது வீண் என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அவ்விதம் கருதவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் நுண்துகளுக்கு 2021-ல் விதித்த வருஷாந்தர வரம்பு 5 மைக்ரோகிராமே. 24 அதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. தன் அடுப்பை அணைத்தவள் தெருவின் புகையைத் தடுக்க முடியுமா? ஒரு வீட்டைத் திருத்தினால் போதாது, ஊரையே திருத்தவேண்டும் என்பதே நாம் இதிலிருந்து கொள்ளும் பாடம்.

நம் தேசத்தின் 2009-ம் வருஷத்துக் காற்றுத் தர விதிகள் பன்னிரண்டு பொருள்களுக்கு வரம்பு கட்டின; புகைக்கரி அவற்றில் இடம்பெறவில்லை. உலக சுகாதார ஸ்தாபனமோ அதை முறையாக அளந்து வரும்படி 2021-ல் யோசனை கூறிற்று. ஆகையால் வில்லியனூரில் விழுப்புரம் சாலையோரம் ஒன்று, பாகூரின் வயல்வெளிக் கிராமத்தில் ஒன்று என இரண்டு யந்திரங்களை நிறுவி, தினசரி அளவைக் கொம்யூன் அலுவலக வாயிலில் எழுதிப் போடவேண்டுமென்று கோருகிறோம். அடுப்புக் கரியே அதிகமென்று தெரிந்தால், எரிவாயு உருளையின் விலையைக் குறைக்கச் சொல்லிப் போராட ஆதாரம் கிடைக்கும். லாரிக் கரியென்றால் சாலையைக் கவனிக்கலாம். கரும்புச் சோகையைக் கொளுத்தும் நாட்களில் ஏறினால் விவசாயிகளோடு பேசலாம்.

கரியமில வாயுவைப்போல் நூற்றாண்டுக் கணக்கில் இக்கரி வானில் தங்குவதில்லை. சில தினங்களில் அல்லது ஓரிரு வாரங்களில் மழையோடு இறங்கிவிடும். இன்று நெருப்பைத் திருத்தினால் இம்மாதமே காற்று தெளியும். இவ்வளவு சீக்கிரம் பலன் தரும் சீர்திருத்தம் வேறு எது? பொதுப்பணியில் ஈடுபட்ட வாலிபர்கள் முதலில் இந்த அளவையைக் கேட்டுப் பெறட்டும். எண் கையில் இருந்தால் வாதாடும் வாய்க்கு வலிமை தானே வரும்.